சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அங்கே என்னதான் செய்வீர்கள்? (கோவை மூத்தோர் குடியிருப்புகள்)

திருச்சி பெல்காரர் | ஞாயிறு, காலை 6:40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 67, மனைவிக்கு 63. பெல் (BHEL) பாய்லர் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம், அதில் பெரும்பகுதி கைலாசபுரம் குவார்ட்டர்ஸ். ரிட்டயர் ஆனதும் கே.கே. நகர் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். மகன் புனேயில், மகள் மெல்போர்னில். இரண்டு பேரும் சேர்ந்து கோயம்புத்தூரில் ஒரு மூத்தோர் குடியிருப்பைப் பார்த்துவைத்திருக்கிறார்கள், தொண்டாமுத்தூர் ரோட்டில். வில்லா, தோட்டம், கிளப் ஹவுஸ், சமையல் அவர்களே, நர்ஸ் எந்நேரமும்.

பணக் கணக்கு எனக்குத் தெரியும், அதைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி பற்றியும் கேட்கவில்லை, கோவையில் அதற்குக் குறைவில்லை. நான் கேட்பது வேறு. காலையில் நடக்கலாம், பேப்பர் படிக்கலாம், பத்து மணிக்கு பேங்க் வேலை ஏதாவது இருக்கும், மத்தியானம் தூக்கம். சாயங்காலம் நாலு மணி காபிக்கு மேல் எட்டு மணி வரைக்கும் அங்கே மனிதர்கள் என்னதான் செய்கிறார்கள்? அறுபத்தேழு வயதுக்கு மேல் புதிதாக சிநேகிதம் பிடிக்குமா? இன்னொன்று, டவுன்ஷிப்பில் வாழ்ந்தவன் என்பதால் பயம். அங்கே ஏஜிஎம் மனைவிக்கு ஒரு நாற்காலி, சூப்பர்வைசர் மனைவிக்கு ஒரு நாற்காலி. அதே கதை மறுபடியும் ஆரம்பிக்குமா?

அங்கேயே வசிப்பவர்கள் சொன்னால் நல்லது. பிள்ளைகள் சார்பில் யாரும் பதில் எழுத வேண்டாம், தயவுசெய்து.

சிறுவாணித் தண்ணி | ஞாயிறு, காலை 8:15

ஐயா, நாங்கள் ஏழு வருஷமாக அந்தப் பக்கம்தான் இருக்கிறோம், நீங்கள் சொல்லும் அதே ரோட்டில், வேறு இடம். கிளப் ஹவுஸ், யோகா ஹால், நீச்சல் குளம் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். குளத்தில் நான் இதுவரை பார்த்தது இரண்டு பேரன்களையும் ஒரு தவளையையும். அங்கே நடக்கிற சமூக வாழ்க்கை மொத்தமும் டைனிங் ஹாலில்தான். அது சரியாக அமைந்தால் மற்றது எல்லாம் சரி, இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள்.

எங்கள் இடத்தில் ராத்திரி டிபன் ஏழே கால். ஆறே முக்காலுக்கே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எந்த நாற்காலியிலும் பெயர் கிடையாது, ஆனால் ஒவ்வொரு நாற்காலிக்கும் சொந்தக்காரர் உண்டு. வந்த புதிதில் ஜன்னல் ஓரம் ஃபேனுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் நாங்கள் உட்கார்ந்தோம். மேஜையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது, எனக்கு அது டம்ளராகத்தான் தெரிந்தது. ஏழு மணிக்கு ஒரு பெரியவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார், எங்களைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே திரும்பி அறைக்குப் போய் கேரியரில் சாப்பாடு வரவழைத்துக்கொண்டார். மூன்று நாள். நாலாம் நாள்தான் பரிமாறுகிற பெண் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். போய் மன்னிப்புக் கேட்டேன். மனிதர் ரயில்வேயில் கார்டாக இருந்தவர், "ரிசர்வேஷன் சார்ட் ஒட்டாதது என் தப்பு" என்றார். இன்றுவரை அவர் மேஜைதான் எங்கள் மேஜை.

நாலு முதல் எட்டு என்றால், நாலரைக்கு நடை. எங்கள் வளாகத்தைச் சுற்றி ஒரு சுற்று 640 காலடி, நானே காலால் அளந்தது. ஆண்கள் கடிகாரம் சுற்றுகிற பக்கமும் பெண்கள் எதிர்ப் பக்கமும் நடக்கிறார்கள், யாரும் சொல்லி அப்படி ஆகவில்லை. ஆறு மணிக்குக் கோயில் மணி. ஆறரைக்கு மேல் வெளி கேட்டைத் தாண்டக்கூடாது, மலையடிவாரம், வாழைத் தோப்புக்கு யானை வரும். வாட்ஸ்அப்பில் "கேட் பக்கம் யானை" என்று செய்தி வந்தால் நடக்கமுடியாதவர்கள்கூட மொட்டை மாடிக்கு லிஃப்ட் பிடித்துவிடுவார்கள். எங்கள் இடத்தில் பொங்கல் விழாவைவிடக் கூட்டம் அதற்குத்தான்.

ஈரோட்டு அம்மிணி | ஞாயிறு, காலை 11:02

பெல்காரர் சார், உங்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உங்கள் வீட்டம்மாவைக் கேட்டீர்களா?

நான் தனி ஆள். 71 வயது. அவர் இருக்கும்போது வந்தோம், வந்த இரண்டாம் வருஷம் அவர் போய்விட்டார். அதனால் இரண்டு மாதிரியும் பார்த்தவள் நான். ஜோடியாக இருக்கிறவரைக்கும் எல்லா மேஜையிலும் இடம் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பி டைனிங் ஹாலுக்கு வந்தேன், எல்லோரும் எழுந்து வந்து கையைப் பிடித்தார்கள், நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து பொள்ளாச்சி போனால், படத்துக்குப் போனால், ஒரு காரில் இரண்டு ஜோடி என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, கூப்பிட மறந்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அது முதலில் புரியவே இல்லை.

அப்புறம் என்னை மாதிரி மூன்று பேர் இருப்பது கண்ணில் பட்டது. கேரளாக்கார டீச்சர் ஒருத்தர், பெங்களூரில் பேங்கில் இருந்தவர் ஒருத்தர், கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு டாக்டர். நாலு பேரும் சமையலறைக் கதவுப் பக்கம் இருக்கிற மேஜையைப் பிடித்தோம். அந்த இடம் யாருக்கும் வேண்டாம், சத்தம், புகை. ஆனால் தோசை சூடாக முதலில் வருவது அங்கேதான்! ஆட்டோக்காரர் ஒருவர் நம்பர் வைத்திருக்கிறோம், வெள்ளிக்கிழமை பேரூர் கோயில், மாசம் ஒரு தரம் காந்திபுரம் போய் ஒரு வேலையும் இல்லாமல் கடை கடையாக ஏறி இறங்கி வருவோம். ரம்மி கற்றுக்கொண்டேன். எங்கள் அப்பா உயிரோடிருந்தால் வெட்டிப்போட்டிருப்பார்.

சமையல் பற்றி ஒன்று சொல்லணும். நாற்பத்தாறு வருஷம் ராத்திரி படுக்கும்போது "நாளைக்கு என்ன குழம்பு" என்று நினைத்துக்கொண்டே படுத்தவள். அந்த நினைப்பு இங்கே வந்து ஒரு மாசத்தில் நின்றது. அப்படி ஒரு நிம்மதி. இரண்டாம் மாசம் கை அரித்தது. இவர்கள் வைக்கிற அரிசிம்பருப்பு சாதத்தில் பருப்பும் இருந்தது, அரிசியும் இருந்தது, இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. மெஸ் கமிட்டியில் சேர்ந்தேன். அன்றிலிருந்து என் சாயங்காலத்துக்குப் பஞ்சமே இல்லை.

பழைய கணக்கன் | ஞாயிறு, மாலை 4:30

மெஸ் கமிட்டி என்றதும் ஞாபகம். எங்கள் இடத்தில் சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பதற்கு ஓட்டெடுப்பு நடந்தது. 38க்கு 35. தோற்றவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மதுரைக்காரன் | ஞாயிறு, மாலை 5:10

எல்லோரும் ரொம்ப அழகாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நாங்கள் ஐந்து இடம் பார்த்தோம். ஐந்திலும் "பியூர் வெஜ்". சாப்பாட்டுக் கூடம் சைவம் என்றால் சரி, ஒரே அடுப்பு, புரிகிறது. ஒரு இடத்தில் வீட்டுக்குள்ளேயும் முட்டைகூடக் கூடாது என்றார்கள், அது நான் காசு கொடுத்து வாங்கப்போகும் வீடு. இன்னொரு இடத்தில் சுற்றிக் காட்டிய பெரியவர் ரொம்பப் பிரியமாகப் பேசிக்கொண்டே வந்தார். "சொந்த ஊர் எதுங்க?" மதுரை. "மதுரையில எந்தப் பக்கம்?" சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். அதற்கப்புறம் அவர் நடை கொஞ்சம் வேகமாகிவிட்டது. அறுபது வருஷமாகக் கேட்ட கேள்வி, எனக்குத் தெரியாதா என்ன.

பெல்காரர் டவுன்ஷிப் நாற்காலியைப் பற்றிக் கேட்டார். பதவி நாற்காலி மட்டும்தான் என்று நினைத்துவிடவேண்டாம்.

சிறுவாணித் தண்ணி | ஞாயிறு, மாலை 6:25

மதுரைக்காரர் சொல்வதை மறுக்க மாட்டேன். எங்கள் இடத்திலும் "நீங்க எந்த ஊர்" என்கிற கேள்விக்கு இரண்டாம் படி உண்டு. எங்கள் பில்டர் ஆரம்பத்தில் ஒரே வட்டாரத்து ஆட்களுக்கு, சொந்தபந்தம் மூலமாகவே விற்றார், அதனால் முதல் இருபது வீடும் ஒரே மாதிரி. பின்னால் ரீசேலில் வாங்கியவர்கள், லீசுக்கு வந்தவர்கள் எல்லாம் கலப்பு. இப்போது எங்களிடம் தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, நாக்பூரிலிருந்து வந்த ஒரு ஜோடி உண்டு, பாலக்காட்டுக்காரர்கள் நிறையவே. கணவாய் வழியாகக் காற்று வருகிற மாதிரி அவர்களும் வருகிறார்கள். வீட்டில் அவரவர் சமைப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு டூவீலர்காரர் பின் கேட்டுக்கு வந்து நாலு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போகிறார். முன் கேட்டுக்கு வர ஏன் விடவில்லை என்று கேட்டால் பதில் இல்லை.

மதுரைக்காரன் | ஞாயிறு, மாலை 6:31

அந்தப் பின் கேட்டைத்தான் நான் சொன்னேன் சார்.

சான் ஹோசே அப்பா | ஞாயிறு, இரவு 9:50

கேள்வி கோவையைப் பற்றியது, நான் வேறு நாட்டுக்காரன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷம் முன்னால் இங்கே வந்தவன். பிள்ளைகள் பெரியவர்கள் ஆனதும் வீட்டை விற்றுவிட்டு 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஒரு மொபைல் ஹோம் பார்க்கில் இருக்கிறோம். பெயர்தான் மொபைல், வீடு எங்கேயும் நகராது. சான் ஹோசே நகரத்துக்குள் மட்டும் இந்த மாதிரி பார்க் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன, எல்லா வயதினருக்கும் ஆனவையும் சேர்த்து. வீடு எங்களுடையது, அது நிற்கிற மண் பார்க் முதலாளியுடையது, மாதாமாதம் மண்ணுக்கு வாடகை. பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்குவது இங்கே பாகுபாடு ஆகாதா என்று கேட்பீர்கள். அதற்கென்று 1995ல் ஒரு சட்டம் போட்டார்கள், நூற்றுக்கு எண்பது வீட்டிலாவது 55 ஆன ஒருவர் இருந்தால் போதும்.

வீடுகள் நெருக்கம், வாசல் திண்ணை மாதிரி ஒரு போர்ச், அதில் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர் எல்லோரும் நின்று பேசித்தான் போகவேண்டும். என் அனுபவத்தில் சிநேகிதம் வளர்ந்தது கிளப் ஹவுஸில் இல்லை, அந்தப் போர்ச்சில். மாதம் ஒரு நாள் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு போவோம். என் மனைவியின் எலுமிச்சை சாதத்துக்கு வியட்நாம்காரப் பாட்டி ஒருவர் ரசிகை. சமைத்துப் பரிமாற யாரும் கிடையாது, அதனால் உங்கள் டம்ளர் சண்டையும் கிடையாது.

ஆனால் ஒன்று. இங்கே சமூக வாழ்க்கை முழுதும் கார் சாவியில் தொங்குகிறது. எண்பத்து மூன்று வயதில் பக்கத்து வீட்டுக்காரருக்கு லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை. அதுவரை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனவர். இரண்டே மாதத்தில் மனிதர் வீட்டுக்குள் அடங்கிவிட்டார். ஈரோட்டு அம்மாவின் ஆட்டோக்காரர் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு சங்கதி. அரிசோனாவில் சன் சிட்டி என்று ஒரு ஊர், டெல் வெப் என்கிற கட்டட முதலாளி 1960 ஜனவரி 1ஆம் தேதி திறந்தது. இந்த வகைக் குடியிருப்புகளைப் பிரபலமாக்கியது அதுதான். திறப்பு வாரக் கடைசியில் ஒரு லட்சம் பேர் வந்து பார்த்தார்களாம். அவர் செய்த புத்திசாலித்தனம், ஐந்து மாதிரி வீடு மட்டும் காட்டிவிட்டு கடைத்தெருவையும் கோல்ஃப் மைதானத்தையும் கூடுகிற மண்டபத்தையும் முதலிலேயே முடித்து வைத்திருந்தார். மனிதர்கள் சேருகிற இடம் முதலில், வீடு அப்புறம். நம் ஊர் பில்டர்கள் வீட்டை எல்லாம் விற்றுவிட்டு கிளப் ஹவுஸை "அடுத்த கட்டத்தில்" என்பார்கள். அந்த அடுத்த கட்டம் வருகிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பழைய கணக்கன் | திங்கள், காலை 7:05

எங்கள் சங்கத்தில் ஆறு வருஷம் பொருளாளர் நான். ஒருத்தரும் சொல்லாத ஒன்றைச் சொல்லட்டுமா. இடமும் சேர்ந்து கிழடாகும் சார்.

2009ல் நாங்கள் குடிவந்தபோது சராசரி அறுபத்தைந்து இருக்கும். பேட்மின்டன் கோர்ட்டுக்கு வரிசையில் நின்றோம், நம்புங்கள். கரோக்கி நாலு வருஷம் ஓகோவென்று நடந்தது. வாரம் தவறாமல் ஒரு பஸ் பிடித்து எங்காவது போவோம், சிறுவாணி, ஆழியாறு, ஒரு தரம் மூணாறு. பஸ்ஸை ஏற்பாடு செய்தவர் ஒருத்தர், கரோக்கி மெஷின் ஒருத்தருடையது, நவராத்திரி கொலு ஒரு அம்மாவின் பொறுப்பு. எல்லாம் நாலைந்து பேர் தோளில். அந்த நாலைந்து பேருக்கும் ஒரே சமயத்தில் எண்பது வந்தது. ஒருத்தருக்கு முழங்கால், ஒருத்தருக்குப் பார்க்கின்சன், கொலு அம்மா மகளோடு ஹூஸ்டன் போய்விட்டார். பேட்மின்டன் கோர்ட்டில் இப்போது பிசியோதெரபிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். புதிதாக வருகிற அறுபத்தைந்து வயதுக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் "இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதே" என்று புது புராஜெக்ட்டைத் தேடிப் போய்விடுகிறார்கள். பதினைந்து வருஷம் கழித்து அவர்களுக்கும் அதேதான்.

இன்னும் ஓடுவது ஹவுஸி ஒன்றுதான், எண்ணைக் கூப்பிடக் கூப்பிடச் சீட்டில் அடிக்கிற ஆட்டம். எண்ணைத் தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம், காது கேட்காதவர்களுக்காக மறுபடி தமிழில் ஒரு தரம். ஒரு ஆட்டம் முடிய முக்கால் மணி நேரம். யாருக்கும் அவசரம் இல்லை.

அதனால் பெல்காரர் சார், பிள்ளைகள் ஏற்பாடு செய்கிற சனிக்கிழமைக் காலை விசிட்டுக்குப் போகாதீர்கள். அன்று எல்லா இடமும் கல்யாண மண்டபம் மாதிரிதான் இருக்கும். சாதாரண செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழு மணிக்குப் போய் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். எங்களிடம் 72 வில்லா, நான் பொறுப்பை விட்ட அன்று எரிந்தது 41. மீதி எல்லாம் முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டிப்போட்டவை, அல்லது "நாங்கள் ரிட்டயர் ஆனதும் வருகிறோம்" என்று துபாயிலிருந்து சொல்பவர்களுடையவை. பூட்டிய வீட்டோடு என்ன சிநேகிதம் பிடிப்பீர்கள்.

சண்டை எதற்கு வரும் என்றால் மெயின்டனன்ஸுக்கு. சங்கத்துக்கு மாதம் கட்டுவது 7,500 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி இல்லை. தாண்டினால் மொத்தத் தொகைக்கும் 18 சதவீதம் என்று 2019ல் சுற்றறிக்கை வந்தது, தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021ல் சொன்னது. இந்த ஒரு சங்கதிக்காக எங்கள் பொதுக்குழு மூன்றரை மணி நேரம் நடந்தது. நடுவில் இரண்டு பேர் சர்க்கரை இறங்கி மயக்கமானார்கள், பிஸ்கட் கொடுத்துத் தொடர்ந்தோம். உண்மையைச் சொன்னால் அந்த வருஷம் எல்லோரும் உற்சாகமாக இருந்த நாள் அதுதான்.

முன்னாள் மேனேஜர் | திங்கள், காலை 10:40

நான் குடியிருப்பவள் இல்லை, அந்தப் பக்கம் ஒரு இடத்தில் ஆறு வருஷம் மேனேஜராக வேலை பார்த்தவள். பிள்ளைகள் சார்பிலும் எழுதவில்லை, அதனால் அனுமதிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மேஜை, மெஸ், ஹவுஸி எல்லாம் எழுதினீர்கள். சாவை யாரும் எழுதவில்லை. அங்கே அது வருஷத்துக்கு ஐந்தாறு தரம் நடக்கும். நான் சேர்ந்தபோது நிர்வாகத்தின் உத்தரவு என்னவென்றால், ராத்திரி யாராவது போய்விட்டால் சத்தம் காட்டாமல் ஃப்ரீசர் பாக்ஸைப் பின் வழியாகக் கொண்டுவர வேண்டும், மற்ற பெரியவர்கள் பயந்துவிடுவார்கள், நோட்டீஸ் போர்டில் போடக்கூடாது. புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் கண்ணிலும் படக்கூடாதே, அதுதான் நிஜக் காரணம். அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் பத்தாம் நம்பர் ஐயா தவறிப்போனார். மகன் அமெரிக்காவிலிருந்து வர இரண்டு நாள். காலை காபிக்கு வழக்கம்போல அவருடைய ரம்மிக் கூட்டாளி வந்து உட்கார்ந்து சீட்டைக் கலைத்துக்கொண்டு காத்திருந்தார். எட்டரை வரைக்கும். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. பரிமாறுகிற பெண் அழுதுவிட்டாள், அதில் தெரிந்துபோயிற்று.

அன்று அவர் போட்ட சத்தத்தை என் வேலைக்காலத்தில் கேட்டதில்லை. "நாங்க என்ன பச்சைக் குழந்தைங்களா? எங்களுக்குச் சாவு தெரியாதா?" என்று. அந்த வாரமே எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் டைனிங் ஹாலில் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல், போட்டோ, ஒரு விளக்கு. பெட்டியும் முன் கேட் வழியாகத்தான் வரும், போகும். முடிந்தவர்கள் எல்லோரும் கேட் வரைக்கும் நடந்து வருவார்கள். அன்று ராத்திரி டிபன் கிடையாது, ரசம் சாதம், தயிர் சாதம், சுட்ட அப்பளம். யார் அந்த மெனுவை முடிவு செய்தார்கள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது, சமையல்காரர் கேட்காமலே செய்வார்.

இன்னும் ஒன்று, அங்கே வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி. பக்கத்துக் கிராமத்துப் பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள். பெரியவர்கள் ஒரு நாளில் அதிகம் பேசுவது இவர்களோடுதான். ஒரு பாட்டி ஒடிசாப் பையனுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்தார், ஸ்லேட்டு வாங்கி வந்து. சம்பளம் பத்தாமல் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால் பெரியவர்கள் துவண்டுபோவார்கள், அதை நான் கண்ணால் பார்த்தேன். போய்ப் பார்க்கும்போது பரிமாறுகிற பெண்ணிடம் "நீ எத்தனை வருஷமா இருக்கே கண்ணு" என்று மட்டும் கேளுங்கள். மூன்று வருஷம் என்றால் நம்பலாம். மூன்று மாசம் என்றால் யோசியுங்கள்.

ஈரோட்டு அம்மிணி | திங்கள், காலை 11:20

இது நூற்றுக்கு நூறு. எங்கள் இடத்தில் போன வருஷம் ஆறு மாசத்தில் மூன்று மேனேஜர். மூன்றாவது வந்தவர் எங்களை "அங்கிள், ஆன்ட்டி" என்றார். டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம்.

மதுரைக்காரன் | திங்கள், மதியம் 1:15

மேனேஜரம்மா, உங்கள் இடத்தில் பெட்டி முன் கேட்டுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பொட்டலம்?

முன்னாள் மேனேஜர் | திங்கள், மதியம் 1:48

அது வரவில்லை அண்ணா. நான் கேட்டும் பார்த்தேன். சங்கத்தில் பாதிப் பேர் எதிர்ப்பு.

திருச்சி பெல்காரர் | திங்கள், மாலை 5:00

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வீட்டில் கொடுத்தேன். படித்துவிட்டு, கீபோர்டை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்கிறாள். கீழே எழுதுவது அவள்.

நான் அந்த வீட்டம்மா. ஈரோட்டு அக்கா மட்டும்தான் என்னைப் பற்றிக் கேட்டீர்கள், சந்தோஷம். இவருக்கு நாலிலிருந்து எட்டு வரைதான் பிரச்சினை. எனக்கு நாள் முழுதும். எங்கள் தெருவில் காலையில் கீரைக்காரம்மா வருவாள், அவளோடு கட்டுக்கு இரண்டு ரூபாய்க்குப் பத்து நிமிஷம் சண்டை போடுவேன், கடைசியில் அவள் கேட்ட விலையைத்தான் கொடுப்பேன். பூக்காரி, அயர்ன் வண்டிக்காரர், எதிர்வீட்டு மருமகள், அந்த மருமகளைப் பற்றிச் சொல்ல வரும் மாமியார். எல்லா வயதிலும் ஆள் இருக்கிறார்கள். அங்கே வந்தால் எல்லோருக்கும் எழுபது. குழந்தை அழுகிற சத்தமே கேட்காத இடத்தில் எப்படி இருக்கிறீர்கள்? கீரை யார் வாங்குவது? எனக்குச் சண்டை போட ஆள் வேண்டும், அன்பாகப் பேச ஆள் கிடைத்துவிடும்.

ஈரோட்டு அம்மிணி | திங்கள், மாலை 5:40

கண்ணு, நீங்கள் கேட்டதுதான் கேள்வி. குழந்தை சத்தம் இல்லாதது உண்மை, அதற்கு என்னிடம் மருந்து இல்லை. மே மாச லீவில் பேரன் பேத்திகள் வந்து மூன்று வாரம் வளாகமே தலைகீழாகும், எல்லோரும் சத்தம் தாங்கலை என்று புகார் எழுதுவார்கள், ஜூன் முதல் வாரம் அந்தப் புகார் எழுதினவர்களே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கீரை வாங்கலாம். எங்கள் கேட்டுக்கு வியாழக்கிழமை ஒரு அம்மா கூடையோடு வருவாள், உள்ளே விடமாட்டார்கள், நாங்கள் வெளியே போய் மர நிழலில் வாங்குவோம். மெஸ்ஸுக்கு எதற்கு உங்கள் கீரை என்று யாரும் கேட்பதில்லை, வாங்குவதற்காகத்தான் வாங்குகிறோம். சண்டைக்கு ஆள் இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். கேரளா டீச்சரும் நானும் போன மாசம் பதினோரு நாள் பேசவில்லை. காரணம் புளி.

பழைய கணக்கன் | திங்கள், மாலை 6:10

புள்ளிவிவரம் இல்லாமல் என்னால் இருக்க முடியாது. அரசு மதிப்பீட்டின்படி 2021ல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபது தாண்டியவர்கள், கேரளத்தில் 16.5. தெருவிலேயே இருந்தாலும் இன்னும் பத்து வருஷத்தில் உங்கள் எதிர்வீட்டு மருமகள் பெங்களூர் போய்விட்டு மாமியார் மட்டும் இருப்பார் அம்மா. எங்கள் சொந்தத் தெருவிலேயே அதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம். வாங்காதீர்கள், முதலில் ஒரு மாசம் கெஸ்ட் ரூமில் இருங்கள். நிறைய இடங்களில் தருகிறார்கள், உணவோடு சேர்த்து நாள் கணக்கில் வாங்குவார்கள். திருச்சி வீட்டைப் பூட்டிவிட்டு வாருங்கள், விற்றுவிட்டு வராதீர்கள்.

சான் ஹோசே அப்பா | திங்கள், இரவு 10:20

விற்காமல் வாருங்கள் என்பதை நானும் வழிமொழிகிறேன். இங்கே மண் வாடகை ஏறினால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, விற்றால் பாதி விலை. திரும்பிப் போக ஒரு வாசல் இருந்தால் இருக்கிற இடமும் பிடிக்கும்.

திருச்சி பெல்காரர் | வியாழன், காலை 7:30

நேற்று முன்தினம் செவ்வாய்க்கிழமை, கணக்கன் சொன்னபடி யாருக்கும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போனோம். ஏழு மணிக்கு எண்ணினேன், 60க்கு 44 விளக்கு. பரிமாறிய பெண் நாலு வருஷமாக இருக்கிறாளாம். கிளப் ஹவுஸ் கட்டி முடித்திருக்கிறது, உள்ளே ஒருத்தரும் இல்லை, எல்லோரும் டைனிங் ஹாலில். அங்கே எங்களை உட்காரச் சொன்னார்கள், என் மனைவி ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து டம்ளர் கவிழ்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஒரு பெரியவர் கேட்டார், பெல்லில் என்னவாக இருந்தீர்கள் என்று. பாய்லர் என்றேன். "அட, நான் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் அந்த பாய்லரோடதான் இருபது வருஷம் மாரடிச்சேன்" என்று ஆரம்பித்தார், எட்டரைக்குத்தான் விட்டார். என் பதவியை அவர் கேட்கவே இல்லை, எந்த ட்யூப் எந்த வருஷம் வெடித்தது என்றுதான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலம் எந்த கேட்டுக்கு வருகிறது என்று கேட்டுப் பார்த்தேன், மதுரைக்காரருக்காக. வாட்ச்மேன் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

தை மாசம் முப்பது நாள் கெஸ்ட் ரூம் சொல்லியிருக்கிறோம். வீட்டம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், சொந்தமாக ஒரு அடுப்பு வேண்டுமாம். அறையில் கேஸ் வைக்க விடுவார்களா?

ஈரோட்டு அம்மிணி | வியாழன், காலை 8:05

கேஸ் விடமாட்டார்கள். இண்டக்‌ஷன் ஸ்டவ் கொண்டு வரச் சொல்லுங்கள், அடி தட்டையான பாத்திரம் இரண்டு. புளி நான் தருகிறேன்.